காற்று நிற்காத துணி

பதினேழாவது தடவையும் அதே பெண்குரல்தான். நீங்கள் அழைத்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் நிதானமாகச் சொன்னது. நான் போனைக் கட்டிலில் எறிந்தேன். உடனே பாய்ந்து எடுத்து உடைந்துவிட்டதா என்று பார்த்தேன். பதினெட்டாவது தடவை அழுத்தினேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு குகன் அண்ணன் விமானத்தில் ஏறுவான். எட்டரைக்குள் குதித்துவிடுவான். அவன் முதுகுப் பையிலிருந்து பாராசூட்டை வெளியே இழுப்பதற்கு ஒரு குட்டிக் குடை உண்டு. அதைத் தைத்தது நான். அது இழுக்காது. இழுக்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் ஆறு செய்தி அனுப்பியிருந்தேன். அண்ணா கூப்பிடு. அவசரம். அண்ணா குதிக்காதே. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் டிக். மணி பதினொன்றரை. அம்மா ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட். அப்பா திரிங்காப் என்ற ஊரில் பூத்தோட்டத்து வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் தையல் மெஷினும்.

எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

குகன் அண்ணன் என் பெரியம்மா மகன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீடு. இருபத்து நான்கு வயது. மலைக்குக் கீழே ஒரு ஸ்கைடைவிங் கிளப்பில் பாராசூட்டுகளை மடித்துப் பையில் அடைக்கும் வேலை பார்க்கிறான். லயத்தில் அவனுக்குப் பெயர் ‘குடை மடிக்கிறவன்’. பாஞ்சாலை பெரியம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். மகன் மடிக்கிறான், பணக்காரப் பிள்ளைகள் குதிக்கிறார்கள். அவனும் குதிக்கிறான், இதுவரை நூறு தடவைக்கு மேல் குதித்துவிட்டான் என்பது லயத்தில் எனக்கு மட்டுமே தெரியும். வீடியோ காட்டினான். மேகத்துக்கு மேலே அவன் கன்னமெல்லாம் காற்றில் ஆடும். நான் சிரித்துச் சிரித்துப் பார்த்தேன்.

புதன்கிழமை இரண்டு நாள் லீவில் வந்தான். வந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

“தனு, நீ மலாய்க்காரங்களுக்கு பாஜு கூரோங் தைப்ப, ஸ்கூல் பினாஃபோர் தைப்ப. வட்டமா ஒண்ணு தச்சுத் தருவியா?”

“எவ்ளோ பெரிய வட்டம்?”

“முப்பத்திமூணு இஞ்ச்.”

“மேச விரிப்பா? பொண்ணு கிண்ணு பாத்துட்டியாண்ணா? சீரு வைக்கப் போறியா?”

“வாய மூடுலா. இதப் பாரு.”

பையிலிருந்து ஒரு சின்னக் குடையை எடுத்துத் தரையில் விரித்தான். கம்பி கிடையாது. மேலே வட்டமான துணி, கீழே வலை, நடுவில் ஒரு நாடா, உச்சியில் கையால் பிடிக்க ஒரு குமிழ். அதற்குப் பைலட் சூட் என்று பெயர். விழுந்துகொண்டிருக்கும்போது அதைக் கையால் பிடுங்கிக் காற்றில் வீச வேண்டும். அது காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆள் கீழே போக, அது மேலே நிற்க, நடுவிலுள்ள நாடா இறுகிப் பையின் ஊசியைப் பிடுங்கி, பெரிய பாராசூட்டை வெளியே இழுத்துவிடும். எல்லாம் இந்தக் குட்டியின் பலத்தில்தான்.

“இது இருபத்தெட்டு இஞ்ச். பழைய பாராசூட்டுக்குச் சரி. இப்ப நான் மாத்தியிருக்கறது பெருசு, கனம். அத இழுக்க இதுக்குத் தெம்பு பத்தல. போன தடவ வீசிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறேன், அது பாட்டுக்கு யோசிக்குது.”

“மூணு செகண்டுதானே.”

“விழறப்ப மூணு செகண்டுன்னா எவ்ளோ தெரியுமா? நம்ம வாசப்படிலேருந்து ஃபாக்டரி கேட்டு வரைக்கும்.”

“எமர்ஜென்சிக்கு இன்னொண்ணு இருக்குன்னு சொன்னியேண்ணா.”

“இருக்கு. ஆனா இது வெளிய போயி, இழுக்கவும் மாட்டாம, வாலு மாதிரி முதுகுக்குப் பின்னால ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னா, ரெண்டாவது வரும்போது அதுல போயி சுத்திக்கும். எப்பவும் இல்ல. சில நேரம்.”

இதை அவன் சொன்னான். நான் கேட்டேன். எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

கிளப்பில் இதைத் தைப்பதற்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒருவர் இருக்கிறார். அவர் ஊருக்குப் போய்விட்டார், அடுத்த மாதம்தான் வருவார். சனிக்கிழமையோ எட்டுப் பேர் வானத்தில் கைகோத்துக் குதிக்கிறார்கள். அதில் அண்ணனுக்கு முதல் தடவையாக இடம் கிடைத்திருந்தது. மடிக்கிறவனைக் குதிக்கிறவனாகப் பார்க்கப்போகிற முதல் நாள் என்று சொன்னபோது அவன் காது சிவந்திருந்தது.

“யாருகிட்டயும் சொல்லாத தனு. வெளிய குடுத்துத் தச்சேன்னு தெரிஞ்சா வேலய விட்டே தூக்கிருவானுங்க.”

“என்னால முடியுமாண்ணா?”

“உன்னோட தையலு மாதிரி நேரா எங்க கிளப்புலயே யாரும் போடல. நான் பாத்திருக்கேன்லா.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு.

அவன் கொண்டுவந்த துணி கருநீலம். ஒரு பழைய பாராசூட்டில் கெடாத பகுதியை வெட்டி எடுத்தது, ஒரே துண்டு, வேறு இல்லை. வியாழக்கிழமை காலை ஸ்கூலுக்குப் போகாமல் முதலில் பழைய குட்டிக் குடையைப் பிரித்தேன். குமிழும் நாடாவும் புதியதற்கு வேண்டும். தையலைக் கத்திரிமுனையால் ஒவ்வொன்றாக நிமிண்டிப் பிரித்ததில் துணி ஓரம் இரண்டு இடத்தில் கிழிந்தது. பரவாயில்லை, அது இனி வேண்டாம் என்று நினைத்தேன்.

பிறகு, வெட்டுவதற்கு முன் இஸ்திரி போட எடுத்தேன். எந்தத் துணியானாலும் இஸ்திரி போடாமல் நான் அளக்க மாட்டேன். இந்த மலையில் துணியெல்லாம் நமத்துச் சுருங்கித்தான் கிடக்கும். சுருக்கத்தோடு அளந்தால் பினாஃபோர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அண்ணனின் துணியோ உள்ளங்கையில் அடங்கும்படி மடித்து, ஆயிரம் சுருக்கத்தோடு இருந்தது. இஸ்திரிப்பெட்டி மறுநாள் போட வேண்டிய என் ஸ்கூல் சட்டைக்காக ஏற்கெனவே நன்றாகச் சூடாகியிருந்தது. எடுத்து வைத்தேன்.

துணி பின்வாங்கியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கியபோது நடுவில் பெட்டியின் வடிவத்திலேயே ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் கருத்து உருண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்றம்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே மோட்டோ பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். நாலடி தூரம். ஜன்னலைத் திறந்து, அண்ணா, துணி போச்சு என்று சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டான். அவன் என்னைத் திட்டியதே இல்லை. ஆனால் பழையதையும் பிரித்துப் போட்டிருந்தேன், புதியதும் போயிற்று. சனிக்கிழமை அவனுக்கு எதுவுமே இல்லை. வானத்தில் எட்டுப் பேருக்குப் பதில் ஏழு பேர் கைகோப்பார்கள்.

“தனு, ஆச்சா?” என்று வெளியிலிருந்து கத்தினான்.

“ஆவுதுண்ணா!” என்றேன்.

மெஷினுக்குக் கீழே பெரியம்மாவின் பை மடித்துக் கிடந்தது. பெரியம்மா கொழுந்து வெட்டும் மெஷினில் வேலை செய்கிறாள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் மெஷினைத் தூக்கிக்கொண்டு தேயிலை வரிசையில் நடப்பார்கள். கத்தி வெட்டிய கொழுந்தை மெஷின் காற்றால் ஊதிப் பின்னால் கட்டியிருக்கும் நீளமான பைக்குள் தள்ளும். பை கிழிந்தால் என்னிடம்தான் வரும். எலி கடித்த இடத்தில் ஒட்டுப்போட அது வந்திருந்தது. அதுவும் நீலம்.

அந்தத் துணியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நைலான், வழவழப்பு. நாள் முழுக்க மெஷின் காற்று மோதும், வருஷக்கணக்கில் கிழியாது. காற்றுக்கென்றே நெய்த துணி என்று நினைத்தேன். பையின் அடிப்பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து வட்டமாக வெட்டினேன். பையில் விழுந்த ஓட்டைக்கு, கருகிய துணியில் மிஞ்சிய ஓரங்களை நாலு துண்டாக இணைத்து ஒட்டுப்போட்டேன். இரண்டு வேலையும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டன. தையல் உண்மையிலேயே நேராக இருந்தது.

அண்ணன் குட்டிக் குடையைக் கையில் வாங்கி, விரல்களுக்கிடையில் தேய்த்தான். அவன் தினமும் இந்தத் துணிகளைத்தான் தொடுகிறான்.

“என்னா தனு, கரகரன்னு இருந்துச்சு. இப்ப மெத்துன்னு இருக்கு? கலரும் வெளுத்த மாதிரி.”

“மெஷின் எண்ண பட்டுருச்சுண்ணா. சோப்புப் போட்டுக் கழுவுனேன்.”

“சோப்புலாம் போடக்கூடாதுலா,” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி, பரவால்ல. அழுவாத. தையலப் பாரு, மெஷினே வெக்கப்படும்” என்றான்.

மோட்டோவில் வைத்துப் பார்க்கலாம் என்று அவன்தான் சொன்னான். நாற்றங்காலைத் தாண்டிப் புதிதாகத் தார் போட்ட நேர் ரோடு ஒன்று இருக்கிறது. அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, தோட்டத்துக் கையுறை போட்டுக்கொண்டு நாடாவைப் பிடித்திருந்தேன். வேகம் எடுத்ததும் குட்டிக் குடையைப் பின்னால் விட்டேன்.

ரோட்டோரம் நின்ற சின்னக்கருப்பன் கங்காணி கையைத் தட்டிக் கத்தினார். “டேய் குகா, பட்டம் விடுற வயசாடா ஒனக்கு? பாத்துடா, புள்ள பறந்துரப் போவுது!”

“பறந்தா நீங்க புடிச்சுக்குங்க மாமா!” என்று அண்ணன் சிரித்துக்கொண்டே முறுக்கினான். எழுபது. எண்பது. என் கண்ணில் தண்ணீர் வந்தது.

குட்டிக் குடை விரிந்தது. அப்புறம் சுருங்கியது. மறுபடி பாதி விரிந்து, வாய் கோணி, தொங்கியது. கையில் இழுப்பு இருந்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளை வந்து பாவாடையைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் இழுப்பு.

“இழுக்குதா?” என்று கத்தினான்.

நாடாவைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

“தனு! இழுக்குதா?”

“இழுக்குதுண்ணா!”

“நல்லாவா?”

“கை வலிக்குதுண்ணா!”

“அப்படின்னா ஓகே!” என்றான். பிரேக் போட்டு, இறங்கி, என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். சாயங்காலமே பையைக் கட்டிக்கொண்டு கீழே போய்விட்டான்.

வேகம் போதவில்லை, அதனால்தான் அப்படி, வானத்திலிருந்து விழும்போது காற்று இன்னும் பலமாக இருக்கும், அப்போது நன்றாக இழுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை இரவு தூங்கக்கூடச் செய்தேன்.

இன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெரியம்மா வேலை முடிந்து வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எங்கள் வாசலில் நின்றாள்.

“அடியே தனுஜா! என்னாடி பை தச்சுக் குடுத்த? மெஷின ஆன் பண்ணதும் பன்னி வயிறு மாதிரி உப்பிக்கிச்சு. காத்து போவ வழியில்ல. உள்ள போன கொழுந்து பூராவும் திரும்பி எங்க மூஞ்சியிலயே அடிக்குது! சின்னக்கருப்பன் கங்காணி ஏதோ திட்டுறதுக்கு வாயத் தொறந்தாரு பாரு, தொண்ட வரைக்கும் கொழுந்து! துப்பு துப்புன்னு துப்புறாரு!”

நானும் சிரித்தேன். “ஐயோ பெரியம்மா.”

“பைத் துணின்னா காத்து உள்ள வந்தா அப்படியே வெளிய போயிரணும்டி. கொழுந்து மட்டும்தான் நிக்கணும். அதுக்குன்னே பொடி ஓட்ட விட்டு நெய்ஞ்சிருப்பான். நீ என்னா துணிய வச்சு ஒட்டுன? அதுல ஒரு பொட்டுக் காத்து வெளிய போவலியே!”

என் சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

காற்று நிற்கிற துணி பையில் இருந்தது. காற்று நிற்காத துணி அண்ணன் முதுகில் இருந்தது. மாற்றி வைத்தது நான்.

அப்போது மணி ஆறு. அப்போதே கூப்பிட்டேனா? இல்லை. யோசித்தேன். சோறு தின்றேன். எட்டரைக்கு ஒரு தடவை கூப்பிட்டேன், அடித்தது, அவன் எடுக்கவில்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் எப்போது கூப்பிட்டிருந்தாலும் எடுத்திருப்பானோ என்னவோ. ஒன்பதுக்கு மேல் அந்தப் பெண்குரல்தான். அவன் கிளப்பில் விமானக் கொட்டகைக்குள்ளேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்வான். தகரக் கூரைக்குக் கீழே லைன் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருக்கிறான்.

கிளப்பின் நம்பரைத் தேடி எடுத்து அழைத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை யாராவது எடுத்தால் என்ன சொல்வேன்? குகனின் பைலட் சூட்டை வெளியே தைத்தது நான்தான் என்று சொன்னால் அவன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? அந்தப் பக்கம் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து நானே வைத்துவிட்டேன். பிறகு வைத்ததற்காக என் கையையே கடித்துக்கொண்டேன். மறுபடி அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை.

பெரியம்மா வீட்டுக்குப் போனேன். விளக்கு எரிந்தது. தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி, தூங்கல?”

“அண்ணனோட கூட்டாளி யாரு நம்பராச்சும் இருக்கா பெரியம்மா?”

“இந்நேரத்துல எதுக்கு?”

“சும்மா. பேசணும்.”

“குடை மடிக்கிறவனுக்கு ராத்திரியில என்னா பேச்சு? தூங்குவான்டி. நாளைக்கு ஏதோ பெரிய விசேஷமாம், நெறையா குடை மடிக்கணும்னு சொன்னான். அவனத் தொந்தரவு பண்ணாத.” தோளை எனக்குக் காட்டினாள். “இங்க கொஞ்சம் தேச்சு விடு, கை எட்டல. அந்தப் பை உப்பி உப்பி இழுத்ததுல இந்தப் பக்கம் புடிச்சுக்கிச்சு.”

தேய்த்துவிட்டேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் அவளால் இந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? கீழே இறங்க பஸ் கிடையாது. அழுவாள். லயமே எழுந்துவிடும். எழுந்தால் என்ன? எழுந்திருக்கட்டுமே! யாரிடமாவது வண்டி இருக்கும், யாராவது ஓட்டுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

“போதும்டி, நல்லாருப்ப,” என்றாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு, கருகிய துணியின் மிச்சம், பழைய குட்டிக் குடையின் கிழிந்த துணி, பைத் துணியில் வெட்டி மிஞ்சிய மூலைகள், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். பின்கதவைத் திறந்து, குளிரில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்க் குப்பைத் தொட்டியின் அடியில் செருகினேன். கை கழுவினேன். ஏன் செருகினேன் என்று எனக்குத் தெரியும். காலை எட்டரைக்கு ஒன்று நடந்துவிட்டால், தைத்தது நான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

அப்படி நான் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் முழு நிமிஷம்.

அப்புறம் ஓடிப்போய் அந்தப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். மேசைமேல் வைத்தேன். இருபத்தைந்தாவது தடவையோ, முப்பதாவது தடவையோ, கூப்பிட்டேன். இன்னும் அரைமணி நேரத்தில் எடுக்காவிட்டால் பெரியம்மாவை எழுப்பிவிடுவேன் என்று முடிவு செய்தேன். அரைமணி ஆனது. இன்னும் ஒரு பத்து நிமிஷம் என்றேன்.

ஒன்று இருபதுக்குப் போன் அடித்தது. கையிலேயே வைத்திருந்தும் பதறிக் கீழே போட்டுவிட்டேன்.

“தனு? என்னா, முப்பது மிஸ்டு காலு? அம்மாவுக்கு என்னா ஆச்சு?”

“பெரியம்மாவுக்கு ஒண்ணும் இல்லண்ணா.”

“அப்புறம் என்னா? ஒண்ணுக்கு இருக்கலாம்னு வெளிய வந்தேன், போனு குய்யோ முய்யோன்னு கத்துது. உசுரே போச்சு எனக்கு.”

“நாளைக்குக் குதிக்காதண்ணா.”

“என்னா, கனவு கண்டியா?”

“அது நீ குடுத்த துணி இல்லண்ணா.”

அந்தப் பக்கம் தவளைச் சத்தம் கேட்டது. கீழ்நாட்டில் சூடு, தவளை நிறைய. நான் சொல்ல ஆரம்பித்தேன். இஸ்திரிப்பெட்டி, ஓட்டை, பெரியம்மாவின் பை, சோப்புப் பொய், கங்காணி வாயில் கொழுந்து எல்லாமே ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. குப்பைத் தொட்டியையும் சொல்லிவிட்டேன். நடுவில் அவன் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

“லைன்லயே இரு,” என்றான்.

நடக்கும் சத்தம் கேட்டது. தகரக் கதவு கிறீச்சிட்டது. லைன் அறுந்து அறுந்து வந்தது. ஜிப் திறக்கும் சத்தம். மறுபடி நடை, மறுபடி தவளை. பிறகு அவன் வாய் போனுக்குப் பக்கத்தில் வந்தது. துணியை வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறான் என்று புரிந்தது. அவன் மூச்சு எங்கேயும் நிற்காமல், எதிலும் முட்டாமல், நேராக என் காதுக்குள் வந்தது.

“ம்,” என்றான்.

“அண்ணா.”

“இத முன்னாடியே ஊதிப் பாத்திருக்கணும். தெனமும் எல்லாருதயும் ஊதிப் பாக்குறவன். என்னுதப் பாக்கல.”

“சாரிண்ணா. சாரிண்ணா. சாரி…”

“அழுவாத. நான் குதிக்கல. சரியா? காலைல கிளப்பு ஹெட்கிட்ட சொல்லிடுறேன்.”

“என்னா சொல்லுவ?”

“தெரியல. வயித்து வலின்னு சொல்லலாம். இல்லன்னா உள்ளதச் சொல்லலாம். சொன்னா வேல போவும். ஏழு பேராத்தான் போவாங்க. போவட்டும்.”

அவன் உயிரோடு இருக்கப்போகிறான். நாளைக்கு எட்டரைக்கும் இருப்பான், ஒன்பதுக்கும் இருப்பான். அதற்குமேல் நான் எதுவும் கேட்கக்கூடாது. அவன் போனை வைத்துவிட்டால் போதும், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் வைக்கவில்லை.

“தனு.”

“ம்.”

“துணி கருகுனது சரி. பயந்துட்ட. மாத்தி வச்சதும் சரி. அதுல காத்து நிக்காதுன்னு ஒனக்குத் தெரியாது. அதெல்லாம் எனக்குப் புரியுது.”

“ம்.”

“மோட்டோவுல போறப்ப நான் கண்ணாடியில பாத்தேன். தொங்குன மாதிரிதான் இருந்துச்சு. நிறுத்தலாம்னு நெனச்சேன். அப்புறம், கண்ணாடியில என்னா தெரியும், கையில புடிச்சிருக்கறவளுக்குத்தானே தெரியும்னு ஒன்னையக் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அழுது தப்பித்திருப்பேன்.

“அது இழுக்கலன்னு ஒன்னோட கைக்குத் தெரிஞ்சுச்சு. குதிக்கப் போறது நான்னும் ஒனக்குத் தெரியும். அப்புறம் ஏன் தனு, இழுக்குதுன்னு சொன்ன?”